சேற்றுக்குச் செய்த வண்டி

"புகைக்குழாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்கண்ணே" என்றார் மெக்கானிக் தம்பி.

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை. இரண்டு பிக்கப் வண்டிகள் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று பதினைந்து வருடத்துக்கு முந்தையது. அதன் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன். நகக்கண் வரைக்கும் கரி. பழந்துணியில் துடைத்தும் போகவில்லை. அடுத்தது மூன்று வருட வண்டி. அதே விரலைத் துடைத்துவிட்டு உள்ளே விட்டேன். சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு தூசி, அவ்வளவுதான்.

"சுத்தமா இருக்குல்ல? அந்தக் கரியெல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க?"

நான் அங்கே போனது அந்தப் புது வண்டிக்காகத்தான். என் மச்சான் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு கடையில் குழாய்ச் சாமான் வியாபாரம் செய்கிறார். ஒரே மாடலில், ஒரே மாதத்தில் இரண்டு நான்குசக்கர இயக்கப் பிக்கப்புகள் வாங்கினார். ஒன்று தினமும் காலையில் துவாஸ் பக்கம் கட்டுமானத் தளங்களுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும். இன்னொன்று சிராங்கூன் சாலை, டெஸ்கர் ரோடு, டன்லப் ஸ்திரீட் என்று கடை கடையாக நின்று நின்று சாமான் இறக்கும். துவாஸ் வண்டி சேற்றில் குளித்துவிட்டு வரும். அதற்கு ஒரு நோவும் இல்லை. லிட்டில் இந்தியாவை, அதாவது தேக்காவைத் தாண்டாத வண்டியிலோ மாதத்துக்கு ஒருமுறை மஞ்சள் விளக்கு எரியும், இழுவை குறையும், பட்டறைக்குப் போகும். மச்சான் வண்டி ஓட்டும் தம்பியைத் திட்டினார். "நீ ஓட்டுற விதம் சரியில்ல" என்றார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் ஓட்டியதில் தப்பே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வண்டி என்று பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் இதை 'யூட்' என்பார்கள், நமக்கு இது பிக்கப். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசூ டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், மிட்சுபிஷி டிரைட்டன் எல்லாம் இந்தச் சாதிதான். ஹைலக்ஸ் 1968இலிருந்து இருக்கிறது. கீழே ஏணி மாதிரி இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், குறுக்கே கட்டைகள், அதன்மேல் உடல். பின்னால் பெரும்பாலும் பட்டைப்பட்டையான வில் தகடுகள். தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மலைப்பாதைக்கும் என்று செய்த உடல்வாகு. சிங்கப்பூரின் உச்சமான புக்கித் தீமா குன்று 163 மீட்டர்தான். இங்கே அந்த உடல்வாகுக்கு வேலை இருப்பது கட்டுமானத் தளத்துக் களிமண்ணில். இல்லாவிட்டால் பாலம் தாண்டிப் போய் ஜோகூர் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில்.

நான்குசக்கர இயக்க வண்டிகளுக்கு 'நம்பகம்' என்ற பெயரை வாங்கித்தந்த பயணங்களில் ஒன்று முடிந்த ஊர் சிங்கப்பூர். 1955 செப்டம்பர் 1ஆம் தேதி லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பினார்கள். இந்தியா வழியாக வந்து, போர்க்காலத்தில் போட்டு அப்புறம் கைவிடப்பட்ட லிடோ சாலையில் நுழைந்து, பர்மாக் காட்டைக் கடந்து, 1956 மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதம், சில நாள். அந்த இரண்டில் 'ஆக்ஸ்ஃபர்டு' என்று பெயரிட்ட வண்டி இன்னும் இருக்கிறது. பல காலம் செயின்ட் ஹெலினா தீவில் கிடந்த அதை மீட்டெடுத்துச் சீர்செய்து, 2019 ஆகஸ்டில் இதே சிங்கப்பூரிலிருந்து மறுபடி லண்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. அறுபது வருடத்துக்கு மேல் வயதான வண்டி!

இதைச் சொன்னதும், "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த லேண்ட் ரோவர் கெட்டுப்போகாத வண்டி அல்ல, கெட்டுப்போனால் ஸ்பானரும் சுத்தியலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எந்தக் காட்டிலும் சரிசெய்யக்கூடிய வண்டி. இன்றைய பிக்கப் அதைவிட எத்தனையோ மடங்கு குறைவாகத்தான் கெட்டுப்போகிறது. ஒழுகாது, சூடேறி நிற்காது, காலையில் ஒரே சாவித் திருப்பலில் பற்றிக்கொள்ளும். ஆனால் அது நின்றுபோனால், ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ளவே ஒரு கணினி வேண்டும். இரண்டையும் நம்பகம் என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். காட்டுப்பாதைக்குப் போகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே ஆகவேண்டும்.

இப்போது அந்தக் கரி எங்கே போயிற்று என்ற கேள்விக்கு வருகிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி கிடையாது. காற்றை இறுக்கி இறுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். துளி பெரிதாக இருந்தால் நடுப்பகுதி சரியாக எரியாமல் கரியாகிவிடும். ஈர விறகு புகைவது போலத்தான். துளியைச் சிறிதாக்க வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இன்றைய எஞ்சின்களில் எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஒரு தடித்த குழாய் இருக்கிறது. 'காமன் ரெயில்' என்பது அதைத்தான். அதற்குள் டீசல் 2,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் காத்திருக்கும். கார் டயருக்குள் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு! அந்த அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டருக்குள் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பழைய எஞ்சின் கொஞ்சம் தண்ணீர் கலந்த டீசலைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே ஓடும். இது ஓடாது. தண்ணீரில் வழவழப்பு இல்லாததால் உலோகம் உராயும், துருப்பிடிக்கும், இன்ஜெக்டர் போய்விடும். அதனால்தான் டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தங்குவதற்கு ஒரு கிண்ணமும், அது நிறைந்தால் எரிய ஒரு விளக்கும் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் டீசல் ஊற்றிக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய விளக்கு அது.

எவ்வளவு நுண்ணிய துளியானாலும் கரி முழுக்க ஒழியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் அறிவித்தது. ஐந்தடிப் பாதையில் காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கும் அக்காக்களின் நெஞ்சுக்குள் போவது அதுதான். சிங்கப்பூர் டீசல் வண்டிகளுக்கு 2006இல் யூரோ 4, 2014இல் யூரோ 5, 2018 ஜனவரியில் யூரோ 6 என்று தரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தது. யூரோ 5, யூரோ 6 தரத்தை எட்டப் பிக்கப்புக்கு டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வேண்டும். நான் விரலில் பார்க்காத கரி அதற்குள்தான் இருக்கிறது.

அது எப்படி இருக்கும் என்று பட்டறையில் அறுத்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினார்கள். பீங்கான் உருளை, முகப்பில் தேன்கூடு மாதிரி சதுரச் சதுரமாக ஓட்டைகள். உற்றுப் பார்த்தால் சதுரங்க அட்டைபோல ஒன்று விட்டு ஒன்று அடைத்திருக்கும். இந்தப் பக்கம் திறந்த ஓட்டை அந்தப் பக்கம் மூடியிருக்கும். புகை ஒரு குழலுக்குள் நுழைந்தால் நேரே வெளியேற வழி கிடையாது. பக்கத்துச் சுவரின் நுண்துளைகள் வழியாக அடுத்த குழலுக்குத் தாவித்தான் போகவேண்டும். தாவும்போது கரி சுவரிலேயே தங்கிவிடும். கோப்பிக்கடையில் நீளமான துணிப்பை வழியாகக் கோப்பி வடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலை. துணிப்பையில் வண்டல் சேரச்சேர வடிவது தாமதமாகும். கடைக்காரர் உதறிக் கழுவுவார். வண்டியில் யார் கழுவுவது?

நெருப்புதான் கழுவ வேண்டும். சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் கரி எரிந்து வாயுவாகிப் போய்விடும். விரைவுச்சாலையில் பாரத்தோடு ஓடும்போது புகை நல்ல சூடாக இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரிந்துகொண்டிருக்கும். நகர நெரிசலில் புகை 200, 300 டிகிரியைத் தாண்டுவதே கஷ்டம். கரி சேர்ந்துகொண்டே போகும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து, போதும் என்று தோன்றினால் எஞ்சினின் கணினி 'எரிப்பு'க்கு உத்தரவு கொடுக்கும். வழக்கத்துக்கு மேல் கொஞ்சம் டீசலைச் செலவழித்து, வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வினையூக்கியில் அதை எரியவைத்துச் சூட்டை ஏற்றும். பத்து, இருபது நிமிடம் வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் வேலை முடிந்தது.

டெஸ்கர் ரோட்டில் எந்த வண்டி நிற்காமல் இருபது நிமிடம் ஓடும்? மச்சானின் வண்டியை ஓட்டும் தம்பி மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தி ஒரு பெட்டி குழாய் மூட்டு இறக்குவான். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். அவன் சட்டத்தை மதித்துச் சாவியைத் திருப்புவான். எரிப்பு பாதியில் அணைந்துபோகும். மறுபடி கிளப்பினால் கணினி முதலிலிருந்து தொடங்கும், அதுவும் அடுத்த கடையில் அணையும். துவாஸ் வண்டியோ தினமும் தீவு விரைவுச்சாலையில் 30 கிலோமீட்டர் சொச்சம் போய் வருகிறது. பின்னால் '70' என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அந்த வேகமே போதும். யாருக்கும் தெரியாமல் தன் நெஞ்சைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. சேற்றுக்குப் போன வண்டி நலமாக இருந்ததற்கும் தேக்கா வண்டி மூச்சுமுட்டியதற்கும் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயத்தை மெக்கானிக் எண்ணெய்க் கம்பியை உருவிக் காட்டித்தான் விளக்கினார். எஞ்சின் எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. "எண்ணெய் குறையவே இல்லன்னு முதலாளி சந்தோஷப்படுவார். மோந்து பாருங்க." டீசல் வாடை. எரிப்புக்கென்று சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வண்டிகளில், பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு எரிப்பிலும் கொஞ்சம் டீசல் சுவரில் வழிந்து கீழே எண்ணெயில் கலக்கிறது. நீர்த்த எண்ணெயால் பேரிங்கைக் காக்க முடியாது. எண்ணெய் மட்டம் கீழே இறங்கினால் பயப்படுவோம். இந்த வண்டிகளில் மேலே ஏறினாலும் பயப்படவேண்டும். எண்ணெய் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கரி எரியும், சாம்பல் எரியாது. சாதாரண எண்ணெயில் இருக்கும் உலோக உப்புகள் சாம்பலாகி வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். குறைசாம்பல் எண்ணெய் என்று தனியாக விற்பதை வாங்காமல் நாலு வெள்ளி மிச்சம்பிடித்தால், பின்னால் பல ஆயிரம் வெள்ளிக்கு வடிகட்டி மாற்றவேண்டி வரும்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வேகமாக ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகள் பற்றிய வழக்கில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. 2,64,000க்கும் அதிகமான வண்டிகள். அங்கே வெளிப்பட்ட குறை நேர் எதிர். மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டும் ஓட்டத்தைத் தாங்கும்படி அந்த வடிகட்டி அமைப்பு வடிவமைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. பலரின் வண்டியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓட்டியவர்களுக்கு வந்த சோதனை அது. 2018இல் டொயோட்டா நிறுவனம் டிரைவரே எரிப்பைத் தொடங்க ஒரு பொத்தானைச் சேர்த்தது. விளக்கு எரிந்தவுடன் டிரைவரை நோக்கி விரல் நீட்டுகிற முதலாளிகள் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தப்பு ஓட்டுகிறவனிடம் இருக்கலாம், ஓடும் வழியில் இருக்கலாம், வரைபலகையிலேயே இருந்திருக்கலாம்.

வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டு வெறும் குழாய் போடச் சொல்லும் யோசனையும் காதில் விழும். கூடவே கூடாது. கட்டாயப் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கரி போகுமிடம் பக்கத்து லாரியின் திறந்த பின்புறத்தில் உட்கார்ந்து தங்கும் விடுதிக்குத் திரும்பும் நம் பிள்ளைகளின் மூக்குதான்.

சரி, இந்த வண்டியின் பெயரிலேயே இருக்கும் நான்குசக்கர இயக்கம்? தேக்கா வண்டியில் அதைப் பயன்படுத்திய சுவடே இல்லை. கியர் பக்கத்தில் ஒரு திருகு: 2எச் (இரண்டு சக்கரம்), 4எச் (நான்கு சக்கரம்), 4எல் (நான்கு சக்கரம், மெதுவான கியர்). வாங்கிய நாளிலிருந்து 2எச்சை விட்டு நகரவில்லை. இந்த இயக்கம் தானாக வருவதில்லை. திருகினால் ஒரு சின்ன மின்மோட்டார் முன்சக்கரத் தண்டையும் பின்சக்கரத் தண்டையும் ஒன்றாகப் பூட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வருடக்கணக்கில் அசையாத மோட்டாரும் பற்சக்கரமும் இறுகிப்போகும். ஜோகூர்ச் சேற்றில் மாட்டிக்கொண்டு, முதல்முறையாக 4எல்லுக்குத் திருப்பும்போது விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், சக்கரம் பூட்டாது. மாதத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டராவது நான்கு சக்கரத்தில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டாவின் கையேடு.

அதையும் எங்கே ஓட்டுகிறோம் என்று பார்த்து ஓட்ட வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் உள்ளே சின்ன வட்டம் போடும். இரண்டையும் ஒரே சுழற்சியில் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் எங்காவது தீர்ந்தாக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் தண்டுகளுக்குள் முறுக்கு ஏறும். வீடமைப்புப் பேட்டையின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் 4எச்சில் திருப்பிப் பாருங்கள், யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போலிருக்கும். அந்தப் பிடி பற்சக்கரங்களின் வலி. வருடத்துக்குச் சுமார் 2,100 மி.மீ. மழை பெய்யும் ஊர் இது. மழை பெய்யும் நாளில் நேரான சாலையில் 4எச் போட்டு ஓட்டினால் தீர்ந்தது.

சேற்றில் இந்தக் காலத்து வண்டி காட்டும் சாமர்த்தியத்தைச் சொல்லாவிட்டால் அநியாயம். சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் எஞ்சினின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்திலேயே வீணாகச் சுழன்று தீரும். பழைய லேண்ட் ரோவருக்கும் இதே கதிதான். இன்றைய பிக்கப்பில் ஒவ்வொரு சக்கரத்திலும் வேகமானி இருக்கிறது. எது சும்மா சுழல்கிறது என்று கண்டு, அந்தச் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் பிடிக்கும். பலம் மண்ணைப் பிடித்திருக்கும் சக்கரத்துக்குப் போகும். அனுபவமில்லாத ஓட்டுநரையும் கரையேற்றும் வித்தை. ஆனால் அது அந்தச் சென்சார்களையும் அவற்றின் மெல்லிய ஒயர்களையும் நம்பியிருக்கிறது. அவை இருப்பதோ சக்கரத்துக்குப் பின்னால், களிமண் அப்பிக் காய்கிற இடத்தில். கட்டுமானத் தளத்தை விட்டு வெளியே வருமுன் வண்டியைக் கழுவ வேண்டும் என்பது இங்கே விதி. டயரை மட்டும் பீய்ச்சிவிட்டு ஓடிவராமல், உள்பக்கத்தையும் மெதுவான தண்ணீரில் கழுவச் சொல்கிறார் மெக்கானிக். அழுத்தக் குழாயைக் கிட்டே பிடித்தால் ஒயர் இணைப்புக்குள் தண்ணீர் போய்விடும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. ஹைலக்ஸ் 700 மி.மீ., புதிய ரேஞ்சரும் டி-மேக்ஸும் 800 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. மெதுவாகப் போனால்தான் அந்தக் கணக்கு. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டிலேயே வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீரில் இறங்கக் காடு தேவையில்லை என்று தெரியும். வண்டி கடந்துவிட்டதே என்று நிம்மதியாகிவிடக் கூடாது. ஓடிச் சூடான அச்சுப்பெட்டி குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ தாழ்ந்திருந்தாலோ தண்ணீரை உள்ளே உறிஞ்சும். எண்ணெய் பால்கோப்பி நிறத்துக்கு மாறும். இது உடனே தெரியாது. பல வாரம் கழித்து, தார்ச்சாலையில், ஒரு உறுமலாகத்தான் தெரியும்.

நெருப்பிலும் ஒரு கவனம் வேண்டும். வடிகட்டியில் கரி எரிப்பு நடக்கும்போது புகைக்குழாய் கொதிக்கும். காய்ந்த லாலான் புல்மேல் அப்போது வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இவ்வளவும் கையேட்டில் இருக்கிறது. கையேடு ஆங்கிலத்தில், டாஷ்போர்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது. ஓட்டுகிறவன் தமிழ் படித்த பையன். அவன் முன்னால் எரிவது ஒரு பெட்டிக்குள் நாலு புள்ளி போட்ட படம். அந்தப் படம் என்ன கேட்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சரக்கு வண்டி இங்கே இருபது வருடம் வரை ஓடலாம். வண்டி உரிமைச் சான்றிதழான சிஓஇக்கும் வண்டிக்கும் கொட்டிக் கொடுத்த முதலாளி அரை மணி நேரம் உட்கார்ந்து அவனோடு பேசியிருந்தால் இரண்டு பட்டறைச் செலவு மிச்சம்.

மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். நியாயஸ்தர், கேட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, "இனிமே திங்கக்கிழமை திங்கக்கிழமை வண்டிய மாத்திக்குங்கப்பா. ஒரு வாரம் இது துவாஸுக்குப் போகட்டும், அடுத்த வாரம் அது" என்றார். எண்ணெயையும் வடித்து மாற்றச் சொன்னார். முதல் திங்களன்று துவாஸ் போகும் வழியில், ஜூரோங் தாண்டுவதற்குள் மஞ்சள் விளக்கு தானே அணைந்துவிட்டது என்று தம்பி போன் செய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் தேக்காவில் அந்த வண்டியில் ஏறினேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் நாலு புள்ளி போட்ட அந்தப் படத்தைப் பேனாவால் வரைந்து, கீழே அவன் கையெழுத்தில் எழுதியிருந்தான்: 'இது எரிஞ்சா இறக்கறத நிறுத்து. ஹைவேக்குப் போ. 20 நிமிஷம். அணைக்காத. அண்ணனுக்கு போன் பண்ணு, திட்ட மாட்டார்.'